நொதித்தற் குழாய்களைத் துப்புரவாக்கலும் களஞ்சியப்படுத்தலும்

க.பொ.த. (சாதாரண தரம்)
விவசாயமும் உணவுத் தொழினுட்பமும், விஞ்ஞானம்: மீட்டற் பாடம்

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்,
• வினாகிரித் தயாரிப்பில் குழாய்கள் பயன்படும் சந்தர்ப்பங்களைக் குறிப்பிடவும்,
• குழாய்கள் ஆக்கப்பட்ட பொருள்களை ஒப்பிடவும்,
• துப்புரவாக்கல், தொற்றுநீக்கல் என்பவற்றை வேறுபடுத்தவும்,
• குழாய்களை உலர்த்திச் சுருட்டி ஒழுங்காகக் களஞ்சியப்படுத்தும் முறையை விளக்கவும்
முடிதல் வேண்டும்.

1. அறிமுகம்

மாணவர்களே, தேங்காய் நீரிலிருந்து வினாகிரி தயாரிக்கும் படிமுறைகளை எழுதும்படி வினாத்தாளில் கேட்கப்பட்டால் உங்களில் பலர் தயக்கமின்றி எழுதிவிடுவீர்கள். மதுவம் எது, பற்றீரியா எது, எந்த நிலையில் வளி தேவை, எந்த நிலையில் வளி தேவையில்லை என்பவற்றை நீங்கள் மனனஞ் செய்திருப்பீர்கள். ஆனால் "பாத்திரங்கள் யாவும் நன்கு கழுவப்பட்டிருந்தும் உற்பத்தி பழுதடைந்தது. இதற்கான காரணம் யாதாக இருக்கலாம்?" என்று வினா மாறும்போது விடை தடைப்படுகின்றது.

பாத்திரத்தின் உட்புறத்தை நாம் பார்க்கலாம், கையால் தேய்க்கலாம். ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குத் திரவத்தைக் கொண்டுசெல்லும் குழாயின் உட்புறத்தை அவ்வாறு பார்க்கவோ தேய்க்கவோ முடியாது. பாத்திரத்துக்குக் கொடுக்கும் கவனத்தைக் குழாய்க்குக் கொடுக்காதபோதே பல தொகுதிகள் பழுதடைகின்றன. வேலை முடிந்ததும் குழாயில் சிறிது நீரை ஓடவிட்டு, சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறாகும். குழாயைக் களஞ்சியப்படுத்தல் அதனை உலர்த்துவதிலேயே தொடங்குகின்றது. இப்பாடத்தின் மையக் கருத்து இதுவேயாகும்.

2. குழாய் எங்கே தேவைப்படுகின்றது?

தேங்காய் நீர் வினாகிரித் தயாரிப்பைச் சுருக்கமாக மீட்டுக்கொள்வோம்.

(அ) தேங்காய் நீரை வடிகட்டி, சீனி சேர்த்து, சூடாக்கிக் குளிரவிடுதல். முற்றிய தேங்காயின் நீரில் உள்ள வெல்லம் போதாதாகையால் சீனி சேர்க்கப்படுகின்றது.

(ஆ) மதுவம் சேர்த்து, வளி உட்புகாதவாறு மூடி, சில நாட்கள் நொதிக்கவிடுதல்.
குளுக்கோசு → எதைல் அற்ககோல் + காபனீரொட்சைட்டு

(இ) அடியில் படிந்த மதுவ மண்டியைக் கலக்காமல், மேலேயுள்ள தெளிந்த திரவத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றுதல்.

(ஈ) முன்னர் தயாரித்த, சூடாக்கப்படாத வினாகிரியில் ஒரு பங்கைத் தாய் வினாகிரியாகச் சேர்த்து, வளி படுமாறு வைத்தல்.
எதைல் அற்ககோல் + ஒட்சிசன் → அசற்றிக் அமிலம் + நீர்

(உ) முதிர்ந்த வினாகிரியைத் தெளியவிட்டுப் போத்தல்களில் நிரப்புதல்.

இவற்றுள் (இ), (உ) ஆகிய படிகளில் குழாய் இன்றியமையாதது. பாத்திரத்தைச் சரித்து ஊற்றினால் மண்டி கலங்கிவிடும். (ஆ) படியிலும் காபனீரொட்சைட்டு வெளியேறுவதற்கு ஒரு சிறிய குழாய் பொருத்தப்பட்டு, அதன் மறுமுனை நீரினுள் அமிழ்த்தப்படும். இதனால் வாயு வெளியேறும், வெளிவளி உட்புகாது.

மேலதிக தகவல்: பியர், திராட்சை மது என்பவற்றை வீட்டில் தயாரிப்போரும் இதேவகைக் குழாய்களையே பயன்படுத்துகின்றனர். பிரித்தானியாவில் வீட்டில் பியர் தயாரிப்பதற்கான அனுமதிப்பத்திர முறை 1963 இல் நீக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் இயற்றப்பட்ட சட்டம் வீட்டுத் தயாரிப்பைக் கூட்டாட்சி வரியிலிருந்து விடுவித்தது. இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரித்தல் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். எனவே இப்பாடம் வினாகிரியை உதாரணமாகக் கொள்கின்றது.

3. சைபன் முறை

உயரத்தில் உள்ள பாத்திரத்திலிருந்து தாழ்வில் உள்ள பாத்திரத்துக்கு, விளிம்புக்கு மேலாக வளைந்து செல்லும் திரவம் நிரம்பிய குழாயினூடாகத் திரவத்தை மாற்றுவதே சைபன் முறையாகும். இரு பாத்திரங்களிலும் உள்ள திரவ மட்டங்களின் உயர வேறுபாடு கூடும்போது பாய்ச்சல் விரைவாகும். இரு மட்டங்களும் சமமானால் பாய்ச்சல் நின்றுவிடும்.

பாய்ச்சலைத் தொடக்குவதற்குக் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சுவது பலரிடம் காணப்படும் பழக்கமாகும். இது தவறு. வாயிலுள்ள நுண்ணங்கிகள் திரவத்தினுள் சேரும். சரியான முறை வருமாறு:
• கொதித்தாறிய நீரால் குழாயை முழுமையாக நிரப்புக.
• இரு முனைகளையும் சுத்தமான விரல்களால் அடைத்துக்கொள்க.
• ஒரு முனையை மேற்பாத்திரத் திரவத்தினுள் அமிழ்த்தித் திறக்குக.
• மறுமுனையைத் தாழ்வாகப் பிடித்துத் திறந்து, முதலில் வரும் நீரை வேறு கிண்ணத்தில் விடுக.
• திரவம் வரத் தொடங்கியதும் முனையைக் கீழ்ப்பாத்திரத்தின் அடிவரை கொண்டுசெல்க.

4. குழாய்கள் ஆக்கப்பட்ட பொருள்கள்

எல்லாக் குழாய்களையும் ஒரே முறையில் துப்புரவாக்கவோ களஞ்சியப்படுத்தவோ முடியாது. பொருளை அறிந்த பின்னரே முறையைத் தெரிவு செய்தல் வேண்டும்.

(அ) மென்மையான பீ.வீ.சீ. குழாய்: ஒளிபுகவிடும், மலிவானது, உள்ளே திரவம் செல்வதைப் பார்க்கலாம். கொதிநீரில் இட்டால் மிகையாக மென்மையாகி உருமாறும். மணங்களை இலகுவில் உறிஞ்சிக்கொள்ளும். நீண்ட நேரம் நீரில் கிடந்தால் பால்போல் வெளிறும்.

(ஆ) சிலிக்கன் குழாய்: விலை கூடியது. கொதிநீரைத் தாங்கும், ஆகவே கொதிக்கவைத்துத் தொற்றுநீக்கலாம். ஆனால் கூரிய பொருள் பட்டால் இலகுவில் கிழியும். ஒட்சிசன் அதன் சுவரினூடு ஓரளவு ஊடுருவும்.

(இ) பொலித்தீன் குழாய்: சற்று விறைப்பானது. மடித்தால் மடிந்த இடத்தில் நிலையான தழும்பு ஏற்படும். வளைவு குறைந்த, நேரான பகுதிகளுக்கு ஏற்றது.

(ஈ) இயற்கை இறப்பர்க் குழாய்: நன்கு வளையும். ஆயினும் உணவுக்கு இறப்பர் மணத்தைக் கொடுக்கும். சூரிய ஒளி, ஓசோன் என்பவற்றால் வெடிப்புறும். எண்ணெய் பட்டால் வீங்கும்.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயை உணவுக்குப் பயன்படுத்தலாகாது. அது உணவுத் தரத்துக்கு ஆக்கப்பட்டதன்று. உணவுத் தரமுடைய பொருள்களில் கிண்ணமும் முட்கரண்டியும் சேர்ந்த குறியீடு பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். குழாய் வாங்கும்போது இக்குறியீட்டைத் தேடுக.

5. குழாயினுள் நிகழ்வது யாது?

கணித பாடத்தில் கற்ற உருளையை இங்கு பயன்படுத்துவோம். உள்விட்டம் 10 மி.மீ., நீளம் 1.5 மீற்றர் உடைய குழாயொன்றைக் கருதுக. உள்ளாரை 0.5 செ.மீ., நீளம் 150 செ.மீ. ஆகும்.

உட்கனவளவு = 22/7 × 0.5 × 0.5 × 150 = ஏறத்தாழ 118 கன செ.மீ.
உள்மேற்பரப்பு = 2 × 22/7 × 0.5 × 150 = ஏறத்தாழ 471 சதுர செ.மீ.

அதாவது, ஒரு தேநீர்க் கோப்பை அளவு திரவத்தைக் கொள்ளும் குழாயின் உள்மேற்பரப்பு, 21 செ.மீ. × 29.7 செ.மீ. அளவுடைய வினாத்தாளின் ஒரு பக்கத்தில் முக்காற்பங்கு ஆகும். அவ்வளவு பரப்பிலும் மெல்லிய நீர்ப்படலமும், அதில் கரைந்த வெல்லமும் மதுவத் துணிக்கைகளும் எஞ்சியிருக்கும். ஈரம், உணவு, இளஞ்சூடு ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவாகும். எமது நாட்டின் தாழ்நில வெப்பநிலை நுண்ணங்கி வளர்ச்சிக்கு ஆண்டு முழுவதும் சாதகமானது.

தகுந்த நிலைமையில் சில பற்றீரியாக்கள் 20 நிமிடங்களுக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரியும். 8 மணித்தியாலங்களில் 24 தடவைகள் பிரியலாம். அவ்வாறாயின் ஒரு கலத்திலிருந்து தோன்றும் கலங்களின் எண்ணிக்கை 2 இன் 24 ஆம் வலு, அதாவது 16 777 216 ஆகும். உணவு குறைவதாலும் கழிவு சேர்வதாலும் நடைமுறையில் இவ்வெண்ணிக்கை குறையலாம். எனினும், மாலையில் கழுவாது விட்ட குழாய் காலையில் எந்நிலையில் இருக்கும் என்பதை இக்கணிப்பு உணர்த்துகின்றது.

சில நுண்ணங்கிகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு பசைத்தன்மையான படையொன்றை உருவாக்கும். இது உயிர்ப்படலம் எனப்படும். இப்படலம் உருவாகிய பின்னர் தொற்றுநீக்கித் திரவம் உள்ளேயுள்ள கலங்களை அடைவது கடினம். ஆகவே படலம் உருவாகுமுன் கழுவிவிடுதல் முக்கியமாகும்.

நண்பனும் பகைவனும்: அசற்றிக் அமில பற்றீரியா (ஈ) படியில் எமக்குத் தேவையானது. அதுவே (ஆ) படியில் முற்கூட்டியே சேர்ந்துவிட்டால் தீங்காகும். வளி கிடைக்கும் இடங்களில் அது அற்ககோலை அமிலமாக்கத் தொடங்கும். அமிலம் கூடும்போது மதுவத்தின் தொழிற்பாடு குன்றும். வெல்லம் முழுமையாக நொதிக்காது எஞ்சும். இறுதியில் கிடைப்பது அமிலச் செறிவு குறைந்த வினாகிரியாகும். வினாகிரியில் பொதுவாகக் குறைந்தது 4% அசற்றிக் அமிலம் இருத்தல் வேண்டும். செறிவு குறைந்தால் ஊறுகாயும் அச்சாறும் பழுதடையும். ஆகவே வினாகிரி சென்ற குழாயை மதுவ நிலைக்குப் பயன்படுத்தலாகாது.

1856 இல் பிரான்சின் லில் நகரில் பீற்கிழங்கிலிருந்து அற்ககோல் உற்பத்தி செய்தோரின் தொட்டிகள் சில புளித்துப் பழுதடைந்தபோது லூயி பாச்சர் அவற்றை ஆராய்ந்தார். நல்ல தொட்டிகளில் மதுவக் கலங்களையும், பழுதடைந்தவற்றில் வேறுவகை நுண்ணங்கிகளையும் அவர் நுணுக்குக்காட்டியில் கண்டார். தேவையற்ற நுண்ணங்கி நுழைந்தால் விளைபொருளும் மாறும் என்பதை இது காட்டுகின்றது.

6. துப்புரவாக்கலும் தொற்றுநீக்கலும்

இவ்விரு சொற்களையும் மாணவர்கள் ஒன்றெனக் கருதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

துப்புரவாக்கல்: கண்ணுக்குத் தெரியும் அழுக்கு, மண்டி, வெல்லம் என்பவற்றை அகற்றல். இது பயன்படுத்திய உடனேயே செய்யப்படல் வேண்டும்.

தொற்றுநீக்கல்: எஞ்சியுள்ள நுண்ணங்கிகளை அழித்தல் அல்லது தீங்கற்ற அளவுக்குக் குறைத்தல். இது மறுமுறை பயன்படுத்துவதற்குச் சற்று முன்னர் செய்யப்படல் வேண்டும்.

அழுக்கு உள்ள மேற்பரப்பில் தொற்றுநீக்கி சரிவரத் தொழிற்படாது. எனவே துப்புரவாக்கலே முதலில் இடம்பெறும்.

துப்புரவாக்கும் படிகள்:
(1) குழாயிலுள்ள திரவம் காயுமுன் சுத்தமான நீரை வேகமாக ஓடவிடுக.
(2) மணமற்ற அழுக்ககற்றி கலந்த இளஞ்சூடான நீரால் குழாயை நிரப்பி 15 நிமிடங்கள் வைக்குக.
(3) படிவு இருப்பின், மென்மையான சிறு துணித்துண்டை நைலோன் நூலில் கட்டிக் குழாயினூடாக இழுக்குக. கம்பி, கம்பித் தூரிகை என்பவற்றைப் பயன்படுத்த வேண்டாம். அவை ஏற்படுத்தும் கீறல்களில் நுண்ணங்கிகள் தங்கும்.
(4) நுரை நீங்கும்வரை நீரால் அலசுக.
(5) உடனே நீரை வடியவிடுக.

குளோரீன் கரைசல் தயாரித்தல்: கடைகளில் விற்கப்படும் வெளிற்றும் திரவத்தில் சோடியம் ஐப்போகுளோரைற்று உள்ளது. அதன் செறிவு போத்தலுக்குப் போத்தல் வேறுபடும்; சுட்டியைப் பார்த்தல் வேண்டும். வாசனை சேர்க்கப்பட்டதை உணவு உபகரணங்களுக்குப் பயன்படுத்தலாகாது. செறிவு 5% எனின், ஓர் இலீற்றரில் ஏறத்தாழ 50 000 மில்லிகிராம் உண்டு. எமக்குத் தேவை இலீற்றருக்கு 200 மில்லிகிராம் ஆயின்,

தேவையான கனவளவு = 200 × 1000 ÷ 50 000 = 4 மில்லிலீற்றர்

அதாவது ஓர் இலீற்றர் நீருக்கு 4 மில்லிலீற்றர் போதுமானது. இக்கரைசலால் குழாயை வளிக்குமிழிகள் இல்லாதவாறு நிரப்பி 5 நிமிடங்கள் வைத்து, பின்னர் கொதித்தாறிய நீரால் அலசுக. குளோரீன் எஞ்சியிருப்பின் மதுவமும் அழிந்துவிடும். சிலிக்கன் குழாயாயின் இக்கரைசலுக்குப் பதிலாக 10 நிமிடங்கள் கொதிநீரில் இடலாம்.

எச்சரிக்கை! வினாகிரியையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. அமிலத்துடன் ஐப்போகுளோரைற்று தாக்கமுற்று நச்சுத்தன்மையான குளோரீன் வாயு வெளியேறும். இது கண்ணையும் சுவாசப்பையையும் பாதிக்கும். வினாகிரி சென்ற குழாயை நீரால் நன்கு அலசிய பின்னரே குளோரீன் கரைசலை நிரப்புக. இவ்வேலையை யன்னல், கதவு திறந்த இடத்தில் செய்க.

7. உலர்த்தல்

பாடத்தின் முக்கிய பகுதி இதுவாகும். ஒரு குழாயை நான்கு விதமாக வைக்கலாம். ஒவ்வொன்றிலும் நீர் எங்கே தங்கும் என்று சிந்திக்குக.

(அ) இரு முனைகளும் மேலே இருக்குமாறு தொங்கவிடல்: நடுப்பகுதியில் நீர் தங்கும். பிழையான முறை.
(ஆ) சுருட்டி ஆணியில் மாட்டல்: ஒவ்வொரு சுற்றின் அடிப்பகுதியிலும் சிறிதளவு நீர் தங்கும். ஐந்து சுற்றுகள் இருப்பின் ஐந்து இடங்களில் நீர் தேங்கும். பிழையான முறை.
(இ) மேசைமீது கிடையாக வைத்தல்: நீர் வடிவதில்லை. பிழையான முறை.
(ஈ) நடுப்பகுதி உயரத்திலும் இரு முனைகள் கீழேயும் இருக்குமாறு அகன்ற தாங்கியில் தொங்கவிடல்: நீர் இரு பக்கமும் வடியும். சரியான முறை.

வடியவிட்ட பின்னரும் துளிகள் ஒட்டியிருக்கும். திறந்த வெளியில் குழாயின் ஒரு முனையைப் பிடித்துச் சிலமுறை சுழற்றினால் அவை வெளியேறும். துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பியின் முனையைச் சுத்தமாக்கி, அதில் சிறு பஞ்சுத் துண்டை வடியாகப் பொருத்தி, குழாயினூடாக வளியைச் செலுத்தலாம். வாயால் ஊதலாகாது, வெளிவிடும் மூச்சிலும் ஈரமும் நுண்ணங்கிகளும் உள்ளன.

நிழலில், காற்றோட்டமான இடத்தில் குறைந்தது ஒரு நாள் தொங்கவிடுக. மழைக்காலத்தில் வளியின் ஈரப்பதன் கூடுதலாகையால் இரண்டு, மூன்று நாட்கள் எடுக்கலாம். விரைவாக உலரும் என்று கருதி நேர் வெயிலில் இடுவது நல்லதன்று. ஊதாக்கடந்த கதிர்களால் இறப்பரும் பிளாத்திக்கும் சிதைவுறும்.

உலர்ந்ததை அறிவது எப்படி? குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்குக. உட்சுவரில் நீர்த்துளிகளோ மங்கலான பனிப்படலமோ இருப்பின் இன்னும் உலரவில்லை என்பது பொருள்.

8. சுருட்டலும் வைத்தலும்

உலர்ந்த பின்னர் இரு வழிகள் உண்டு. இடவசதி இருப்பின் (ஈ) முறையிலேயே தொடர்ந்து தொங்கவிடலாம். குறுகிய குழாய்களுக்கு இதுவே சிறந்தது. இடவசதி குறைவாயின் பின்வருமாறு சுருட்டுக.

• குழாய் இயல்பாக வளையும் திசையிலேயே சுருட்டுக. எதிர்த்திசையில் வளைத்தால் முறுகும்.
• 10 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய்க்குச் சுற்றின் விட்டம் ஏறத்தாழ 30 செ.மீ. இருக்கட்டும். சிறிய சுற்றுகளில் குழாய் மடிந்து தட்டையாகும்.
• அகலமான துணிநாடாவால் இரண்டு இடங்களில் தளர்வாகக் கட்டுக. கம்பி, இறுக்கமான இறப்பர் வளையம் என்பன குழாயில் பள்ளத்தை ஏற்படுத்தும்.
• ஆணியில் மாட்டாது, அகன்ற வளைவான தாங்கியில் மாட்டுக. 110 மி.மீ. பீ.வீ.சீ. நீர்க்குழாயின் ஒரு துண்டைச் சுவரில் பொருத்தினால் மலிவான நல்ல தாங்கி கிடைக்கும்.
• எறும்பு, கரப்பான்பூச்சி, பல்லி என்பன உட்புகாதவாறு இரு முனைகளையும் சுத்தமான மெல்லிய துணியால் மூடிக் கட்டுக. துணி ஈரத்தை வெளியேற விடும். பொலித்தீன் உறையில் இட்டு இறுக மூடினால் எஞ்சிய ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் வளரும்.
• பீடைநாசினி, மண்ணெண்ணெய், நிறப்பூச்சு, வாசனைச் சவர்க்காரம் என்பன உள்ள அறையில் வைக்க வேண்டாம். குழாய் உறிஞ்சிய மணம் அடுத்த உற்பத்தியில் வெளிப்படும்.

9. ஒழுங்குபடுத்தல்

சுத்தமான குழாயாயினும் பிழையான வேலைக்கு எடுக்கப்பட்டால் பயனில்லை. பீடைநாசினி தெளிகருவியின் குழாயும் உணவுக் குழாயும் ஒரே கொளுக்கியில் தொங்குமாயின் விளைவு உற்பத்திப் பழுதுடன் முடிந்துவிடாது, உயிராபத்தும் நேரலாம். இரண்டையும் வெவ்வேறு அறைகளில் வைத்தல் வேண்டும்.

யப்பானில் உருவாகிய "ஐந்து எஸ்" முறையை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதனைக் குழாய்களுக்குப் பிரயோகிப்போம்.

செய்ரி (தெரிவு செய்தல்): வெடித்த, மணம் பிடித்த, அளவு தெரியாத குழாய்களை அகற்றல்.

செய்டன் (ஒழுங்காக வைத்தல்): ஒவ்வொரு குழாய்க்கும் நிரந்தரமான ஓரிடம். மதுவ நிலைக்கு நீலநாடா, வினாகிரி நிலைக்குச் சிவப்புநாடா, நீருக்கு வெள்ளைநாடா என நிறத்தால் வேறுபடுத்தல்.

செய்சோ (துப்புரவாக்கல்): பயன்படுத்திய உடனே கழுவி உலர்த்தல், தாங்கியையும் சுவரையும் தூசி நீக்கல்.

செய்கெற்சு (நியமப்படுத்தல்): கழுவும் படிகளையும் கரைசல் அளவையும் எழுதிச் சுவரில் ஒட்டல்.

சிற்சுகே (ஒழுக்கமாகப் பேணல்): எவரும் நினைவூட்டாமலேயே இவற்றைத் தொடர்ந்து செய்தல்.

பதிவேடு: குழாயின் இலக்கம், பொருள், உள்விட்டம், நீளம், பயன்பாடு, முதன்முதல் பயன்படுத்திய திகதி, இறுதியாகப் பரிசோதித்த திகதி ஆகிய நிரல்களைக் கொண்ட ஒரு பக்கம் போதுமானது. உள்விட்டமும் நீளமும் முன்னரே எழுதப்பட்டிருந்தால், பொருத்தியுடன் சேரும் குழாயைத் தேடி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அகற்றவேண்டிய குழாயின் அறிகுறிகள்: உலர்ந்த பின்னரும் நீங்காத நிறமாற்றம், கழுவியும் போகாத மணம், பசைத்தன்மை, விறைப்பு, வெடிப்பு, நிலையான மடிப்பு. ஐயம் இருப்பின் குழாயை இளஞ்சூடான சுத்தமான நீரால் நிரப்பி, முனைகளை அடைத்து, அரை மணித்தியாலம் வைத்து, அந்நீரை முகர்ந்து பார்க்குக. மணம் வீசினால் அக்குழாயைத் தோட்ட வேலைக்கு ஒதுக்குக. சில அடி நீளமான குழாயின் விலை ஒரு தொகுதி வினாகிரியின் பெறுமதியை விடக் குறைவாகும்.

நினைவிற் கொள்க
• கழுவல் உடனே; தொற்றுநீக்கல் பயன்பாட்டுக்குச் சற்று முன்னர்.
• முதலில் வடித்தல், அடுத்து உலர்த்தல், இறுதியில் சுருட்டல்.
• வினாகிரிக் குழாய் வேறு, மதுவக் குழாய் வேறு.
• அமிலமும் வெளிற்றும் திரவமும் சேரலாகாது.

செயற்பாடு

ஒரே குழாயிலிருந்து 1 மீற்றர் நீளமான இரு துண்டுகளைப் பெறுக. இரண்டினூடாகவும் சீனி கலந்த நீரைச் செலுத்திய பின், சுத்தமான நீரால் ஒரே அளவில் அலசுக. ஒன்றை ஈரத்துடன் சுருட்டிப் பொலித்தீன் உறையில் கட்டி வைக்குக. மற்றையதை முனைகள் கீழே இருக்கத் தொங்கவிட்டு உலர்த்துக. ஏழு நாட்களின் பின்னர் இரண்டினதும் உட்சுவர், மணம் என்பவற்றை ஒப்பிட்டு அவதானத்தை அட்டவணைப்படுத்துக. பரிசோதனை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. இக்குழாய்களை மீண்டும் உணவுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

மாதிரி வினாக்கள்

பகுதி 1: மிகப் பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

1. கொதிநீரில் இட்டுத் தொற்றுநீக்குவதற்கு மிகப் பொருத்தமான குழாய்
(1) மென்மையான பீ.வீ.சீ. (2) சிலிக்கன் (3) பொலித்தீன் (4) தோட்டக் குழாய்

2. சைபன் முறையில் பாய்ச்சல் நின்றுவிடுவது,
(1) கீழ்ப்பாத்திரம் அகலமாக உள்ளபோது
(2) குழாய் ஒளிபுகவிடாதபோது
(3) இரு திரவ மட்டங்களும் சமமாகும்போது
(4) திரவம் நிறமுடையதாக உள்ளபோது

3. நன்கு வடியாத குழாயைச் சுருட்டி மாட்டும்போது நீர் பெரும்பாலும் தங்குவது,
(1) முனைகளில் மாத்திரம் (2) சுற்றுகளின் மேற்பகுதிகளில் (3) சுற்றுகளின் அடிப்பகுதிகளில் (4) எங்கும் தங்காது

4. 5% வெளிற்றும் திரவத்திலிருந்து, இலீற்றருக்கு 200 மில்லிகிராம் செறிவுள்ள 3 இலீற்றர் கரைசல் தயாரிக்கத் தேவையான அளவு
(1) 4 மி.லீ. (2) 8 மி.லீ. (3) 12 மி.லீ. (4) 40 மி.லீ.

பகுதி 2: அமைப்புக் கட்டுரை வினா

சிற்றுற்பத்தியாளர் ஒருவர் 20 இலீற்றர் தேங்காய் நீருக்குச் சீனி சேர்த்து, சூடாக்கி, ஆறவிட்டு, குழாயொன்றின் மூலம் நொதித்தற் பாத்திரத்துக்கு மாற்றி மதுவம் சேர்த்தார். அக்குழாய் முதல் வாரத்தில் வினாகிரி நிரப்பப் பயன்படுத்தப்பட்டு, நீரால் அலசப்பட்டு, சுருட்டி உறையினுள் வைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் திரவத்தில் புளிப்பு மணம் வீசியது. நொதித்தலும் மந்தமாகியது.

(அ) புளிப்பு மணத்துக்குக் காரணமான நுண்ணங்கி வகையைப் பெயரிடுக.
(ஆ) தேங்காய் நீரைச் சூடாக்கியிருந்தும் அந்நுண்ணங்கி திரவத்தை அடைந்தமை எவ்வாறு?
(இ) நொதித்தல் மந்தமாகியமைக்குக் காரணம் தருக.
(ஈ) குழாயைக் களஞ்சியப்படுத்தியதில் நிகழ்ந்த இரு தவறுகளைக் குறிப்பிடுக.
(உ) அக்குழாயின் உள்விட்டம் 14 மி.மீ., நீளம் 1 மீற்றர் எனின் உள்மேற்பரப்பைக் காண்க.
(ஊ) அவர் குழாயை அலசாமலே வெளிற்றும் திரவத்தால் நிரப்பியிருப்பின் நிகழக்கூடிய அபாயம் யாது?

விடைகள்

பகுதி 1: 1. (2) 2. (3) 3. (3) 4. (3)

பகுதி 2:
(அ) அசற்றிக் அமில பற்றீரியா.
(ஆ) சூடாக்கலால் திரவத்திலிருந்த நுண்ணங்கிகள் அழிந்தன. ஆயினும் ஆறிய பின்னர், தொற்றுநீக்கப்படாத குழாயினூடாகச் சென்றபோது அதன் உட்சுவரிலிருந்து பற்றீரியா சேர்ந்தது.
(இ) தோன்றிய அசற்றிக் அமிலம் மதுவத்தின் தொழிற்பாட்டைக் குன்றச் செய்தமை.
(ஈ) உலர்த்தாது சுருட்டியமை. காற்றோட்டமற்ற உறையினுள் வைத்தமை.
(உ) 2 × 22/7 × 0.7 × 100 = 440 சதுர செ.மீ.
(ஊ) எஞ்சிய அமிலத்துடன் தாக்கமுற்று நச்சுத்தன்மையான குளோரீன் வாயு வெளியேறல்.

பரீட்சைக் குறிப்பு: (ஆ) வினாவுக்கு "குழாய் அசுத்தமாக இருந்தது" என்று மாத்திரம் எழுதினால் முழுப்புள்ளி கிடைப்பது அரிது. சூடாக்கல், ஆறவிடல், குழாயினூடு மாற்றல் ஆகியவற்றின் ஒழுங்கைக் காட்டி, தொற்று எந்தப் படியில் நுழைந்தது என்பதைக் குறிப்பிட்டு எழுதுக. உணவு பழுதடைதல் தொடர்பான எவ்வினாவுக்கும் இவ்வாறே படிகளை வரிசைப்படுத்தி, சூடாக்கலுக்குப் பின்னர் உணவைத் தொட்ட ஒவ்வொரு பொருளையும் சிந்திக்குக. விடை பெரும்பாலும் அவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.